தேத்தண்ணி, கீரை, பழம்: ஆன்டிஒக்சிடன்ட் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்டிஒக்சிடன்ட் என்றால் என்ன? உடம்பில் அது என்ன செய்கிறது?

வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுக்கிறது, பழைய தேங்காயெண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒட்சியேற்றம். உடம்புக்குள்ளும் இது ஓயாமல் நடக்கிறது. உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது, இலத்திரன் ஒன்று குறைந்த மூலக்கூறுகள் உருவாகின்றன. குறைந்ததை அவை பக்கத்தில் உள்ள கொழுப்பிலிருந்தோ புரதத்திலிருந்தோ மரபணுவிலிருந்தோ பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். தன் இலத்திரனைக் கொடுத்து இந்தத் தொடரை நிறுத்தும் பொருளுக்குத்தான் ஆன்டிஒக்சிடன்ட் என்று பெயர்.

இதில் பெரும்பகுதி வேலையை உடம்பே தன் சொந்த நொதியங்களால் செய்துகொள்கிறது. உணவிலிருந்து வருபவை அதற்குத் துணை: விற்றமின் சி, விற்றமின் ஈ, கரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகை, தேயிலையிலும் கீரையிலும் பழத்தோலிலும் உள்ள பொலிபீனோல்கள். இலத்திரனைப் பறிக்கும் அந்த மூலக்கூறுகளை முழுவதுமாக ஒழிக்கவும் கூடாது. கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுக்களுக்கு அவைதான் ஆயுதம். அதனால் ஆன்டிஒக்சிடன்டை அளவு மீறிச் சேர்ப்பது நன்மை தராது.

நாங்கள் குடிக்கும் சாயத்தண்ணியில் இது இருக்கிறதா? கிரீன் டீதான் நல்லது என்கிறார்களே?

தாராளமாக இருக்கிறது. கொழுந்தைக் காயவைத்தால் அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பொலிபீனோல்தான். முற்றிய இலையைவிட இரண்டு இலையும் மொட்டுமான இளங்கொழுந்தில் கட்டெக்கின் என்ற வகை அதிகம்.

தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி உருளையில் அரைக்கும்போது இலையின் கலங்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதியம் காற்றோடு சேர்கிறது. அப்போது கட்டெக்கின்கள் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற வேறு பொலிபீனோல்களாக மாறுகின்றன. சாயத்தின் செம்பழுப்பு நிறம் இவற்றால் வருவது. கிரீன் டீக்கு அந்த நொதியத்தை ஆரம்பத்திலேயே ஆவியாலோ சூட்டாலோ அடக்கிவிடுகிறார்கள்; கட்டெக்கின் அப்படியே நிற்கிறது. கறுப்புத் தேயிலையில் பொருள் அழிந்துபோகவில்லை, உருமாறியிருக்கிறது. கட்டெக்கின் மட்டும் வேண்டுமென்றால் கிரீன் டீ முந்தும். அதற்காக வழக்கமான தேத்தண்ணியை விட்டுவிட்டுக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலையின் சாயம் வெளுப்பாக இருப்பதால் அதில் சத்துக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அடர்ந்த நிறம் தருவது தியாரூபிஜின். நிறம் குறைவு என்றால் பொலிபீனோல் குறைவு என்று பொருளில்லை.

தேத்தண்ணியை எப்படி ஊற்றினால் அதிகம் இறங்கும்?

200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி தூள், அதாவது ஏறத்தாழ 2 கிராம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஊற்றி, மூடி, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு வடியுங்கள். டஸ்ட் வகைத் தூள் மிக நுண்ணியது, மூன்று நிமிடமே போதும். கிரீன் டீக்குக் கொதி அடங்கிய தண்ணீர், இரண்டு மூன்று நிமிடம். கொதிநீரை ஊற்றினால் கசந்துவிடும்.

பிழை நடக்கும் இடம் அடுப்பின் ஓரம். காலையில் போட்ட கேத்தலைத் தணலில் வைத்துப் பத்து மணிவரை குடிப்பதால் சாயம் கறுத்து, துவர்ப்பு ஏறுகிறது. அதில் நன்மை கூடுவதில்லை. கட்டெக்கின் சூட்டில் மெல்லச் சிதைகிறது. பிளாஸ்கில் கொண்டுபோவதானால் தூளை வடித்துவிட்டு ஊற்றுங்கள். தூள் டப்பாவை இறுக மூடி, அடுப்புப் புகைக்கும் ஈரத்துக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாய் பொறுக்காத சூட்டில் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016 இல் வகைப்படுத்தியது. ஊற்றியபின் ஐந்து நிமிடம் பொறுத்தாலே போதும்.

பால் ஊற்றினால் பயன் போய்விடுமா?

பாலின் புரதம் பொலிபீனோலோடு சேர்வது உண்மை. அதனால் உடம்பில் உறிஞ்சப்படுவது குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. பிடித்தபடி குடியுங்கள். பாலைவிட அதோடு விழும் சீனியைத்தான் எண்ண வேண்டும்.

எத்தனை கரண்டி சீனி போடலாம்?

ஒரு தேக்கரண்டி சீனி 4 முதல் 5 கிராம். நாளுக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 50 கிராம்வரை வந்துவிடும். சேர்க்கப்படும் சீனிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மேல் எல்லை, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அதே 50 கிராம்தான். 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்கிறது. தேத்தண்ணியின் நன்மையைச் சீனி தின்றுவிடக்கூடாது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். கருப்பட்டியும் கித்துள் பாணியும் மணமானவை, ஆனால் நீரிழிவுள்ளவருக்கு அவையும் சீனிக் கணக்கில்தான் சேரும்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நல்ல பொருள் என்றால் ஏன் தடுக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தேயிலையை ஆன்டிஒக்சிடன்டாக ஆக்கும் அதே பொலிபீனோல், குடலில் இரும்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட இரும்பை உடம்பு எடுக்க முடியாது; மலத்தோடு போய்விடும். 1983 இல் வெளியான ஓர் ஆய்வில், இறைச்சி உணவோடு குடித்த ஒரு கோப்பைத் தேத்தண்ணி இரும்பு உறிஞ்சலை 64 சதவீதம் குறைத்தது. கோப்பி 39 சதவீதம் குறைத்தது. பருப்பு, கீரை, கோதுமை மா, சோறு ஆகியவற்றில் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ளதைவிட எளிதில் பிடிபடும் வகை. நம் தட்டில் பெரும்பாலும் இருப்பது அதுதான். பால் ஊற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது.

தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருக்கிறது. மாதவிடாய், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, மீன் இறைச்சி குறைந்த சாப்பாடு எனக் காரணங்கள் பல. அவற்றோடு ரொட்டியும் சாயத்தண்ணியும் சேர்ந்தே போகும் பழக்கமும் நிற்கிறது. ஏறி இறங்கும்போது மூச்சு வாங்குவதையும் தலைச் சுற்றலையும் கொழுந்துக் கூடையின் பாரம் என்று விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடிக்கலாம். சாப்பிட்டபின் குடிப்பதானால் இரண்டு மணி நேரம் பொறுங்கள். முன்பு சொன்ன ஆய்வில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த கோப்பி ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, கூடவே குடித்தது போலவே தடுத்தது. எனவே முன்பு குடிப்பதே பாதுகாப்பு.

மலையில் நிற்பவருக்கு இது முடியாத காரியமாகத் தோன்றலாம். ஓய்வு கிடைப்பது ஒரு தடவை, அதற்குள் ரொட்டியும் சாப்பிட வேண்டும், குளிருக்குச் சூடாக ஏதாவது குடிக்கவும் வேண்டும். அப்படியானால் எல்லா வேளையையும் திருத்தப் பார்க்காதீர்கள். ஒரு வேளையைக் காப்பாற்றுங்கள். இராச் சாப்பாட்டில் பருப்பு, கீரை, நெத்தலி அல்லது முட்டை இருக்கட்டும். ஒரு பாதி தேசிக்காயைப் பிழிந்துகொள்ளுங்கள். அதற்குப் பின் தேத்தண்ணி வேண்டாம், வெந்நீர் போதும். தேசிக்காய், கொய்யா, பச்சை மிளகாய், நெல்லி ஆகியவற்றின் விற்றமின் சி அதே வேளையில் சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். நெத்தலி கொஞ்சம் சேர்ந்தாலும் பருப்பின் இரும்புக்கு உதவும்.

கர்ப்பிணித் தாய்க்குத் தரும் இரும்பு மாத்திரையை எதோடு போடுவது?

தண்ணீரோடு. தேசிக்காய்த் தண்ணியோ தோடம்பழமோ கூட இருந்தால் நல்லது. தேத்தண்ணி, கோப்பி, பால், கல்சியம் மாத்திரை எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். கல்சியம் மாத்திரையை வேறொரு வேளைக்குத் தள்ளுங்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று சுண்டில் ஒளித்துவைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாமல் மருத்துவமாதுவிடம் சொன்னால் நேரத்தை மாற்றித் தருவார். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் கஃபேன் ஒரு நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும், எனவே மூன்று கோப்பையோடு நிறுத்துங்கள்.

கரட்டைப் பச்சையாகத் தின்பது நல்லதா, சமைத்தா?

சமைத்து, கொஞ்சம் எண்ணெயோடு. கரோட்டின் கலச்சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. வெந்தால் வெளியே வரும். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ இரண்டு கரண்டி தேங்காய்ப்பூவோ போதும். பச்சையாக விரும்பினால் துருவித் தேங்காய்ப்பூ சேர்த்து சம்பலாக்குங்கள். தக்காளிக்கும் இதே முறை: எண்ணெயில் வதங்கினால்தான் அதன் சிவப்பு நிறப்பொருளான லைக்கோபீன் நன்றாக இறங்கும்.

விற்றமின் சி இதற்கு நேர் எதிர். அது தண்ணீரில் கரைந்து வெளியேறும், சூட்டில் அழியும். எனவே கோவாவையும் கீரையையும் நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது பெரிய இழப்பு.

கீரையை எப்படிச் சமைப்பது?

முதலில் கழுவுங்கள், பிறகு வெட்டுங்கள். வெட்டிக் கழுவினால் வெட்டுவாய் வழியே சத்து தண்ணீரோடு போகும்.

வல்லாரைச் சம்பலுக்கு: ஒரு கட்டு வல்லாரை, ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், நான்கு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, அரைத் தேசிக்காய், உப்பு. சாப்பிட உட்காரும் முன்தான் கீரையை மெல்லிதாக அரிய வேண்டும். அரிந்ததும் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து புரட்டுங்கள். முன்கூட்டியே அரிந்துவைத்தால் கறுத்துக் கசக்கும். தேயிலை ஆலையில் உருளை செய்யும் அதே வேலையைக் கத்தி செய்கிறது: கலம் உடைந்து, நொதியமும் காற்றும் பொலிபீனோலைத் தாக்குகின்றன. புளி அதை மட்டுப்படுத்தும். உப்புப் போட்டுப் பிசைந்து சாற்றைப் பிழிந்துவிடுகிறவர்கள் சத்தில் பாதியை ஊற்றிவிடுகிறார்கள்.

வல்லாரை ஈரநிலத்தில், பல இடங்களில் கான் ஓரத்தில் வளர்வது. பச்சையாகச் சாப்பிடுவதால் வேரையும் மண் ஒட்டிய தண்டையும் நீக்கி, மூன்று தண்ணீரில் அலசி, கடைசி அலசலுக்குக் கொதித்தாறிய நீரைப் பயன்படுத்துங்கள். இதை விட்டால் வயிற்றோட்டம் வரும்.

பொன்னாங்காணி, முருங்கை, பீட்ரூட் இலை ஆகியவற்றைச் சுண்டலாகச் செய்யுங்கள். சட்டியில் எண்ணெய், வெங்காயம், கீரை, ஒரு தெளிப்புத் தண்ணீர், மூடி மூன்று நிமிடம், இறக்கும்போது தேங்காய்ப்பூ. கீரை பச்சை நிறம் மாறாமல் இருக்க வேண்டும். ஒலிவ் காயைப் போல மங்கிவிட்டால் அதிக நேரம் வெந்துவிட்டது.

முருங்கை குளிரில் நன்றாக வராது. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் இருப்பவர்கள் அதைத் தேடி அலைய வேண்டாம். பீட்ரூட், ராபு, நோக்கோல் ஆகியவற்றின் இலையைக் கிழங்கோடு வாங்கி வீசுகிறோம். அது அதே தரத்துக் கீரைதான். பூசணிக் கொழுந்தும் அப்படியே.

மரக்கறிக்கு அடிக்கும் மருந்தை எடுப்பது எப்படி?

ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே அடிப்படை. கோவாவின் வெளி இலை இரண்டு மூன்றை நீக்குங்கள். லீக்சை நெடுக்காகப் பிளந்து அடுக்கு அடுக்காகக் கழுவுங்கள். கரட்டைத் தேய்த்துக் கழுவி மெல்லியதாகச் சீவுங்கள். சவர்க்காரம் வேண்டாம். சொந்தத் தோட்டத்தில் மருந்து அடித்தால், போத்தலில் எழுதியுள்ள அறுவடை இடைவெளி நாட்களை எண்ணிக் காத்திருங்கள். இலைக்குள் இறங்கும் மருந்து கழுவினால் போகாது. மருந்துக்குப் பயந்து மரக்கறியைக் குறைப்பது அதைவிடப் பெரிய நட்டம். நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கிழங்கு அதில் சேராது.

நெல்லி, கொய்யா, தோடை: எது முதலிடம்?

விலையையும் சேர்த்துப் பார்த்தால் கொய்யா. 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் விற்றமின் சி. அதே அளவு தோடம்பழத்தில் 50 அளவில். வளர்ந்த ஒருவரின் நாள் தேவை 75 முதல் 90 மில்லிகிராம், புகைப்பவருக்கு இன்னும் 35 கூட. அரைக் கொய்யாவே போதும். தோலோடு தின்னுங்கள். நெல்லியில் விற்றமின் சியோடு துவர்ப்பான பொலிபீனோலும் சேர்ந்திருக்கிறது. மரத்தக்காளி குளிர்மலையில் வேலியோரம் காய்க்கும். தோலை உரித்துச் சம்பலாக்கலாம்.

டவுனில் போத்தலில் விற்கும் நெல்லிச் சாறு பெரும்பாலும் சீனிப்பாகு. வாங்கும்முன் பின்பக்கம் பாருங்கள்: சீனி முதலில் எழுதியிருந்தால் நெல்லியைவிடச் சீனிதான் அதிகம். பெட்டியில் "ஓராக்" என்ற ஆன்டிஒக்சிடன்ட் வலு எண்ணைப் பெரிதாக அச்சடித்து விற்பவர்களும் உண்டு. அது சோதனைக் குழாயில் அளந்த எண். உடம்பில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது என்பதால் அமெரிக்க விவசாயத் திணைக்களம் தன் ஓராக் பட்டியலை 2012 இல் நீக்கிவிட்டது.

மஞ்சள், கறுவா, உள்ளி பற்றி?

கறிக்குப் போடும் மஞ்சளை அப்படியே தொடருங்கள். மருந்து என்று எதிர்பார்க்காதீர்கள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அதில் ஏறத்தாழ 3 சதவீதம். கால் தேக்கரண்டியில் 20 மில்லிகிராம் அளவுதான் இருக்கும், அதிலும் இரத்தத்துக்குப் போவது சொற்பம். மிளகும் எண்ணெயும் சேர்ந்தால் கூடும். செறிவூட்டிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தூளில் மாவும் சாயமும் கலப்பதால் காய்ந்த மஞ்சளை வாங்கி அரைத்துக்கொள்வது நம்பகம்.

நம் நாட்டுக் கறுவா மெல்லிய பட்டைகள் பல சுருண்டது. தடித்த ஒற்றைச் சுருளாக வருவது வேறு மரம். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், நாள்தோறும் நிறையச் சேர்த்தால் ஈரலுக்குக் கூடாது. உள்ளியை நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுச் சட்டியில் போடுங்கள். அதன் பயனுள்ள பொருள் நசுக்கியபின்தான் உருவாகிறது.

இவ்வளவு பாடுபடாமல் பாமசியில் ஆன்டிஒக்சிடன்ட் குளிசை வாங்கிப் போட்டால் என்ன?

அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தாயிற்று. பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994 இல் வந்தது. பீட்டா கரோட்டின் குளிசை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதேபோன்ற இன்னொன்றை, தீங்கு தெரியவந்ததால் 1996 இல் இடையிலேயே நிறுத்தினார்கள். 35,000 க்கும் மேற்பட்ட ஆண்களில் விற்றமின் ஈயைச் சோதித்த ஆய்வில் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. அது 2011 இல் வெளிவந்தது. கிரீன் டீயின் சாற்றைக் குளிசையாக்கி, அதன் முதன்மைக் கட்டெக்கினை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் ஈரல் பாதிப்பின் அறிகுறி தென்படுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2018 இல் எச்சரித்தது. கோப்பையில் குடிக்கும் தேத்தண்ணிக்கு இந்த எச்சரிக்கை இல்லை.

கரட் தின்றவருக்கு நன்மையும் கரட்டின் சாரத்தை விழுங்கியவருக்குத் தீமையும் ஏன்? கரட்டில் நார், பொற்றாசியம், வேறு பல கரோட்டின்கள் எல்லாம் சிறு அளவில் சேர்ந்து வருகின்றன. குளிசை ஒன்றை மட்டும் பல மடங்கு திணிக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் ஓரளவு முற்றியவர்களுக்குக் கண் மருத்துவர் குறிப்பிட்ட கலவைக் குளிசை தருவார். அது அவர் சொல்லி எடுப்பது.

வெற்றிலையிலும் ஆன்டிஒக்சிடன்ட் உண்டாமே?

இலையில் உண்டு. ஆனால் வெற்றிலையை யாரும் தனியாகத் தின்பதில்லை. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் சுண்ணாம்பும் கூடினால் ஆபத்து இன்னும் ஏறும். வாய்க்குள் வெள்ளைப் படை, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, காரம் தாங்காமை ஆகியவற்றில் ஏதாவது இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு கீரை தின்றாலும் இந்தப் பழக்கத்தை ஈடுகட்ட முடியாது. மலையில் குளிருக்கும் பசிக்கும் இதை மெல்லுகிறார்கள் என்பது தெரியும். முதலில் புகையிலையை விடுங்கள், அடுத்து பாக்கை.

விறகுப் புகையும் அப்படித்தான். லயத்துக் குசினியில் புகைபோக்கியை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்வதும், விறகை நன்றாகக் காயவைத்து எரிப்பதும் நுரையீரலுக்கு எந்தக் கிரீன் டீயையும்விட அதிகம் செய்யும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோயாளர் காமரங்காய் தின்னவே கூடாது. விளிம்பிக்காய்ச் சாறும் ஆபத்து. சிறுநீரகக் கல் உள்ளவர் விற்றமின் சி குளிசையை அதிகம் எடுக்கக்கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்தை எடுப்பவர் கீரையை நிறுத்த வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவில் சாப்பிடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் எந்த ஆன்டிஒக்சிடன்ட் குளிசையும் எடுக்கக்கூடாது. பீட்ரூட் தின்றபின் சிறுநீர் சிவந்தால் அது அதன் நிறம்தான். பீட்ரூட் தின்னாமல் சிவந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கலாமா?

இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம். போத்தலில் சீனிச் சாயம் ஊற்றிக் கொடுப்பது பசியை அடக்கி, பல்லை அரித்து, வளரும் உடம்புக்கு வேண்டிய இரும்பையும் தடுக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளை கேட்டால் மாலையில் மெல்லிய சாயம், அரைக் கோப்பை, சாப்பாட்டிலிருந்து தள்ளி. காலையில் ரொட்டியோடு சம்பலும், பையில் ஒரு கொய்யாவும்.